டெலிபிரிண்டரில் "சிக்யூ" வந்தால் "வியூ" என்று அடிக்கிறது – உதவி தேவை

ராயபுரத்தான்:
வணக்கம். அப்பாவின் பழைய டெலிபிரிண்டரை (சிக்னலாக வரும் எழுத்தைக் காகிதத்தில் தானே அடிக்கும் மெஷின்) மறுபடி ஓட்டப் பார்க்கிறேன். அவர் ராயபுரம் வீட்டு மாடியில் ஆர்டிடிஒய் (ரேடியோ வழியே டெலிபிரிண்டரில் எழுத்து அனுப்பி வாங்குவது) போட்டால் தரை அதிரும். கீழே அம்மா அடுக்கிவைத்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போடக் கூடாது என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடல் காற்றில் மெஷின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தந்தி மெஷின் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பிரித்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துக் கொடுத்தார்.

லூப் சப்ளை (மெஷினுக்கு எழுத்துச் சிக்னல் ஓடும் சுற்றுக்கான மின்சாரம்) நானே கட்டினேன்: 120 வோல்ட் டிசி, 40 மில்லிஆம்பியர். கீபோர்டில் தட்டினால் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. ரேடியோவில் 14.080 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வரும் சிக்னலைக் கொடுத்தால்தான் குழப்பம். கம்ப்யூட்டரில் அதே சிக்னல் சுத்தமாக வருகிறது. மெஷினில் "சிக்யூ" (CQ, யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) என்பது "வியூ" (VU) ஆகிறது. சோதனைக்கு அனுப்பும் "ஆர்ஒய்ஆர்ஒய்" என்பது "ஜிஎஸ்ஜிஎஸ்". ஹெச் வரவேண்டிய இடம் காலி. எல் வந்தால் காகிதம் ஒரு வரி ஏறிவிடுகிறது. ஆனால் ஏ, ஈ, ஐ, எஸ், யூ எல்லாம் சரி. இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டை:
மார்க், ஸ்பேஸ் (ஒன்றையும் சுழியையும் குறிக்கும் இரண்டு நிலைகள்) தலைகீழாக இருக்குமோ? மாற்றிப் பாருங்கள். அப்புறம், அந்த 120 வோல்ட்டில் கை வைத்துவிடாதீர்கள். மூடி போட்டே வேலை செய்யுங்கள்.

ராயபுரத்தான்:
மாற்றிப் பார்த்தேன் அண்ணா. சிக்னல் இல்லாதபோதும் நிற்காமல் தடதடவென்று ஓடுகிறது. பழையபடியே வைத்துவிட்டேன்.

பழைய தந்தி:
தம்பி, லூப்பைத் தொடவேண்டாம், அது நன்றாகவே இருக்கிறது. வேகம்தான் ஒத்துப்போகவில்லை.

தந்தி, டெலக்ஸில் நாங்கள் ஓட்டியது 50 பாட், அதாவது வினாடிக்கு 50 பிட். ஒரு பிட்டுக்கு 20 மில்லிசெகண்ட். ஹாம்கள் (பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள்) பேசுவது 45.45 பாட், பிட்டுக்கு 22. நிமிஷத்துக்கு 60 வார்த்தை ஓடிய அமெரிக்க மெஷின்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவாகக் கிடைத்து ஹாம்கள் கைக்கு வந்ததால் நிலைத்த வேகம் அது.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஸ்டார்ட் பிட், பிறகு ஐந்து பிட் என்று வரும். ஸ்டார்ட் பிட்டைப் பார்த்ததும் உங்கள் மெஷின் எண்ண ஆரம்பிக்கிறது. ஐந்தாவது பிட்டை அது எட்டிப் பார்ப்பது 110ஆவது மில்லிசெகண்டில். வரும் சிக்னலில் நான்காவது பிட் முடிந்து ஐந்தாவது தொடங்குவதும் சரியாக அங்கேதான். துளி முந்தினாலும் நான்காவதையே ஐந்தாவதாகப் படித்துவிடும். சி 01110. கடைசிப் பிட் ஒன்றானால் 01111, அது வி. க்யூ 11101, அது 11100 ஆனால் யூ. எல் 01001, கடைசி ஒன்று சுழியானால் லைன் ஃபீட், அதாவது காகிதத்தை ஒரு வரி ஏற்றும் குறி. நீங்கள் சரியாக வருகிறது என்று சொன்ன ஐந்து எழுத்துகளுக்கும் கடைசி இரண்டு பிட் சுழி, அதனால் தப்பிக்கின்றன. கீபோர்டும் பிரிண்டரும் ஒரே மோட்டாரில் ஓடுவதால் தட்டும்போது பிழை தெரியாது.

சர்வீஸ் செய்தவர் கவர்னரை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) தொட்டாரா? 50க்குப் பழகிய கை 50க்குத்தான் வைக்கும். அவர் பேரில் தப்பில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, கவர்னர் திருகைத் திருப்பி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பதினொன்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். இறங்க மறுத்தால் சின்ன போர்டு ஒன்று நடுவில் வைத்து, 45.45இல் வாங்கி 50இல் அடிக்கவிடலாம். மெஷின் வேகம் கூடுதல் என்பதால் எழுத்து தேங்காது.

ராயபுரத்தான்:
ஐயா, கவர்னர் மூடியை இப்போதுதான் கழற்றினேன். திருகின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு. அதற்கு ஜோடியாகத் தகட்டிலும் ஒரு கோடு. இரண்டும் இப்போது கால் சுற்று விலகி நிற்கின்றன. அம்மாவிடம் காட்டினேன். "என் பாட்டிலைத்தான் எடுத்துப் போய்க் கவிழ்த்துக்கொண்டு வந்தார்" என்றார்.

வண்ணாரப்பேட்டை:
கோட்டோடு கோடு சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்!

ராயபுரத்தான்:
சேர்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. "சிக்யூ சிக்யூ சிக்யூ" – மூன்றும் முழுசாக விழுந்தன. அம்மா மாடிக்கு ஏறி வந்து, மெஷின் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார். காகிதத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கு நிறுத்திவிட்டேன், ஐயா.