புதுப்பிப்பு: அந்த அமெரிக்கத் துப்பாக்கிச் சுடும் பேட்ஜ்

போன வாரம் ஒரு வெள்ளிச் சிலுவை பேட்ஜின் படத்தைப் போட்டு, 1930களின் 'ஷார்ப்ஷூட்டர்' என்று எழுதியிருந்தேன். தரமும் தவறு, காலமும் தவறு.

அமெரிக்க ராணுவத்தில் சுடும் திறனுக்கு, கீழிருந்து மேலாக, மூன்று தரங்கள். வெறும் சிலுவை மார்க்ஸ்மேன். நடுவில் இலக்கு வட்டம் இருந்தால் ஷார்ப்ஷூட்டர். வட்டத்தைச் சுற்றி இலைவளையமும் இருந்தால் எக்ஸ்பர்ட். என்னுடையதில் இலைவளையம் இருக்கிறது. அழுக்கில் அதைக் கவனிக்கவில்லை.

காலத்தைச் சொன்னது கீழே தொங்கும் பட்டை. எந்த ஆயுதத்தில் தேர்ச்சி என்பதை அதுதான் சொல்லும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷால் தேய்த்ததும் 'கார்பைன்' (நீளம் குறைந்த, இலகுவான துப்பாக்கி) என்ற எழுத்து தெரிந்தது. எம்1 கார்பைனை ராணுவம் ஏற்றுக்கொண்டதே 1941இல்தான். அந்தப் பட்டை 1930களில் வந்திருக்க வழியே இல்லை.

ஆனால் பட்டைகள் சிறு வளையங்களில்தான் தொங்குகின்றன. எவரும் கழற்றி மாற்றலாம். அதனால் பட்டையின் காலத்தைச் சிலுவையின் மேல் ஏற்றக் கூடாது. இதில் இரண்டின் கருமையும் ஒரே மாதிரி இருக்கிறது, வளையங்களில் நெம்பிய தடம் இல்லை. சேர்ந்தே இருந்தவை என்றே நம்புகிறேன். பின்புறம் 'ஸ்டெர்லிங்' முத்திரை, அதாவது 92.5 சதவீத வெள்ளி.

பாலிஷ் போடச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் போடப் போவதில்லை. அந்தக் கருமைதான் என் சாட்சி.