கம்ப்ரஸரை மட்டும் மாற்ற வேண்டாம்

வியாழன்

செந்தில் (பிளேனோ, டெக்சாஸ்): எங்கள் செவர்லே சபர்பன் காரை ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இறங்கி நிற்கிறது. கொஞ்ச நாளாகப் பின் ஷாக் அப்சார்பருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது சத்தமே இல்லை. டேஷில் சஸ்பென்ஷனைப் பார்க்கச் சொல்லி மெசேஜ் வருகிறது. 2011 மாடல். சனிக்கிழமை வீட்டிலேயே கழற்றப் போகிறேன்.

மாமா (நாமக்கல்): ஏன்டா, காற்று இல்லாமலா ஓட்டுகிறாய்? நம்ம ஊர் பஸ்ஸில் பெல்லோஸ் காற்றுப்பை போனால் ஓரம் கட்டிவிடுவார்கள்.

செந்தில்: இது அந்த மாதிரி இல்லைங்க மாமா. பஸ்ஸில் பெல்லோஸ்தான் பாரம் தாங்கும். இதில் காயில் ஸ்பிரிங் தனியாக இருக்கிறது. ஷாக்கைச் சுற்றி ரப்பர் உறை, அதற்குள் காற்று. பின்னால் ஆளோ சாமானோ ஏறினால் தூக்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. காற்று போனாலும் வண்டி ஓடும், ஆனால் பின்பக்கம் தொங்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

மச்சான் (ஹூஸ்டன்): கம்ப்ரஸர்தானே போச்சு, அதை மட்டும் மாட்டினால் போதாதா? எங்கள் ஜிஎம்சி யூகான் காரிலும் அடிக்கடி ஓடுகிற சத்தம் கேட்கிறது.

செந்தில்: போதாதுங்க மச்சான். பெரும்பாலும் முதலில் கெடுவது ஷாக்கின் ரப்பர்தான். அது காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று உயரம் பார்க்கும் ஹைட் சென்சார் சொல்லும், கம்ப்ரஸர் ஓடும், நிரப்பும், மறுபடி இறங்கும். விட்டு விட்டு ஓட வேண்டிய சின்ன மோட்டார் அது. ஓயாமல் ஓடினால் சூடேறிப் போய்விடும். பழைய ஷாக்கோடு புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். நான் இரண்டு ஷாக்கும் கம்ப்ரஸரும் சேர்த்தே வாங்கிவிட்டேன். கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடும் ரிலேயும் புதிது. பழைய ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரஸர் நிற்காது.

மாமா: பியூஸ் பார்த்தாயா?

செந்தில்: பார்த்துவிட்டேன் மாமா, நன்றாக இருக்கிறது. கம்ப்ரஸருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தும் அசையவில்லை. மோட்டார்தான் போயிருக்கிறது.

அக்கா: ரோட்டோரம் பிரித்துப் போடாதே. ஹெச்ஓஏ, அதான் குடியிருப்புச் சங்கம், கடிதம் அனுப்பிவிடும்.

செந்தில்: கராஜுக்குள்தான் அக்கா. தரை சமமாகவும் இருக்கிறது.

மாமா: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. சேசிஸுக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வை, முன் சக்கரத்துக்குக் கட்டை போடு. அப்புறம் பின் அச்சு ஹவுசிங்குக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும். ஷாக்கைக் கழற்றினால் அது தொங்கும். பட்டை ஸ்பிரிங் என்றால் அதைப் பிடித்துக்கொள்ளும், காயில் ஸ்பிரிங் கழன்று விழும்.

செந்தில்: அதனால்தான் ஒரு பக்கம் முடித்து மாட்டிய பிறகே அடுத்த பக்கம் தொடப் போகிறேன் மாமா.

அம்மா: தனியாக அடியில் படுக்காதே. மருமகளைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்.

சனி

செந்தில்: இரண்டு ஷாக்கும் ஏறிவிட்டன. கீழ் போல்ட்டு நல்ல துரு. நேற்று ராத்திரியே துருவிளக்கி எண்ணெய் அடித்து வைத்திருந்ததால் நீளக் கம்பிக்கு அசைந்து கொடுத்தது. மேலே ஒயர் கனெக்டரைத் திருகாமல் பொறுமையாக எடுக்க வேண்டும், வருடக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக், பட்டென்று உடையும்.

மச்சான்: காற்றுக் குழாய்?

செந்தில்: கிளிப்பை எடுத்தால் கழன்றுவிடும். ஓ-ரிங் ரப்பர் வளையம் புதிது போட வேண்டும். குழாய் நுனியில் கீறல் இருந்தால் நேராக வெட்டிவிட்டுச் சொருக வேண்டும், சாய்வாக வெட்டினால் கசியும்.

மாமா: போல்ட்டை எப்போது முறுக்கினாய்?

செந்தில்: ஹவுசிங்கை ஜாக்கியால் வழக்கமான உயரத்துக்குத் தூக்கிய பிறகுதான். தொங்கும்போது முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

மாமா: அதுதான் சரியான வேலை.

செந்தில்: கம்ப்ரஸர் டிரைவர் பக்கம் சேசிஸில் இருக்கிறது. பழையதைக் கழற்றிப் பார்த்தேன், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்குள் இருக்கும் சின்ன மணிகள் எல்லாம் ஈரம் ஏறிப் பொடிந்து கிடக்கிறது. அந்தப் பொடியும் ஈரமும்தான் வால்வை அடைக்கும். டிரையரோடு சேர்ந்து வரும் கம்ப்ரஸரை வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி.

மாமா: சோப்புத் தண்ணீர் அடி. எந்த இணைப்பையும் விடாதே.

செந்தில்: அடித்தாயிற்று மாமா. எங்கும் குமிழி இல்லை. பிள்ளைகள், சித்தி, எல்லாரையும் பின்சீட்டில் ஏற்றினோம். வண்டி தாழ்ந்தது, கொஞ்சம் பொறுத்துக் கம்ப்ரஸர் ஓடி மேலே தூக்கியது. ரோட்டுப் பள்ளத்துக்கெல்லாம் ஓடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாமதம். மெசேஜும் போய்விட்டது.

ஞாயிறு காலை

செந்தில்: ராத்திரி நின்ற உயரத்திலேயே நிற்கிறது. சக்கர வளைவுக்கும் தரைக்கும் டேப் வைத்து அளந்தேன்.

மாமா: 👍

மச்சான்: அப்படியானால் எங்களுடையதும் இப்போதே பார்த்துவிடலாம். எந்த ஷாக் வாங்குவது?

செந்தில்: முதலில் க்ளவ் பாக்ஸுக்குள் வண்டியின் குறியீடுகள் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாருங்கள் மச்சான். இசட்-55 என்றால் என்னுடையது மாதிரி ஆட்டோரைடு சஸ்பென்ஷன். இசட்-95 என்றால் மேக்னடிக் சஸ்பென்ஷன், அந்த ஷாக் வேறு. கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்.

மச்சான்: இசட்-55 தான்.

செந்தில்: சரி, அதே செட்டுதான். வரும்போது என் ஸ்டாண்டு நான்கையும் எடுத்து வருகிறேன்.