பிளேர் விட்ச் ரீமேக் வர்றதுக்குள்ள பழசை மறுபடி பாக்கலாமா?

செம்பூர்வாசி:
தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட் (1999) பேய்ப் படத்த ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் போறப்ப மும்பை ஹார்பர் லைன் ட்ரெயின்ல நின்னுகிட்டே மொபைல்ல மூணு நாளா துண்டு துண்டா பாத்தேன், சத்தியமா பயமே வரல. மூணு பேரு காட்டுல வழி தெரியாம சண்டை போட்டுட்டே இருக்காங்க, கடைசில ஒருத்தன் மூலைல சுவத்தப் பாத்து நிக்கிறான், படம் முடிஞ்சிருச்சு. இப்ப லயன்ஸ்கேட், ப்ளம்ஹவுஸ்னு ரெண்டு படக் கம்பெனி சேந்து புதுசா எடுக்கப்போறதா 2024லயே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் ஏதாச்சும் புரியாம போச்சா?

மாட்டுங்கா மணி:
ப்ரோ, ஆரம்பத்துல ஊர்க்காரங்க பேட்டி வருமே, அத விட்டுட்டீங்க. குழந்தைங்கள ரெண்டு ரெண்டு பேரா கூட்டிட்டுப் போயி ஒண்ண மூலைல திருப்பி நிக்க வச்சுட்டு இன்னொண்ண கொன்ன ஆளப் பத்தி சொல்வாங்க. அத கேட்டுட்டு கடைசி ஷாட் பாருங்க, எனக்கு இப்ப டைப் பண்றப்பவே முதுகு சில்லுங்குது. இன்னொண்ணு, கேமரா புடிச்சதே நடிச்சவங்கதான், மேரிலாண்ட் காட்டுல 8 நாள் ஷூட்டிங். டைரக்டருங்க ஃபிலிம் டப்பாக்குள்ள சீட்டு எழுதி வச்சிருவாங்க, நடிக்கறவங்க ஜிபிஎஸ் பாத்து நடந்துபோயி எடுத்துக்கணும், சாப்பாட்ட வேற நாளுக்கு நாள் குறைச்சுட்டாங்க. ராத்திரி டெண்ட்டுக்கு வெளிய குழந்தைங்க சத்தத்த டேப்ல ஓடவிட்டு டெண்ட்ட உலுக்கினதும் அவங்கதான், அதான் அந்த அலறல் நடிப்பு மாதிரியே இருக்காது.

முலுண்ட் மச்சான்:
ட்ரெயின் சத்தத்துல இந்தப் படத்த பாக்கவே கூடாதுங்க, இதுல பேயே காட்டமாட்டாங்க, எல்லாமே சத்தம்தான். எங்க பில்டிங் பின்னாடி நேஷனல் பார்க் காடு, பன்னெண்டு மணிக்கு மேல எங்கயோ ஒரு சுள்ளி ஒடியும், நாயா சிறுத்தையான்னு தெரியாம ஜன்னல்கிட்டயே நிப்போம். படம் முழுக்க அந்த நிமிஷம்தான். லைட்ட அணைச்சுட்டு ஹெட்ஃபோன் போட்டு ஒரே மூச்சுல பாருங்க, 81 நிமிஷம்தான்.

சயான்_அக்கா:
எனக்கு ரீமேக்ல இருக்கற வருத்தம் வேற. நடிச்ச அந்த மூணு பேரோட சொந்தப் பேரையே வச்சு, காணவில்லைன்னு போஸ்டர் ஒட்டி, செத்துட்டாங்கன்னே ஜனங்கள நம்பவச்சாங்க, அதுல ஒருத்தரான ஹெதரோட அம்மாவுக்கு துக்கம் விசாரிச்சு கார்டெல்லாம் வந்திருக்கு. படம் 24 கோடி டாலருக்கு மேல வசூல், ஆனா 2024லயும் அவங்க எங்களுக்குரிய பணத்த குடுங்கன்னு வெளிப்படையா கேக்க வேண்டியிருந்துச்சு. மொதல்ல அத குடுக்கட்டும், அப்புறம் ரீமேக் எடுக்கட்டும்.

செம்பூர்வாசி:
அக்கா சொன்னது எதுவுமே எனக்குத் தெரியாது, ரொம்ப கஷ்டமா இருக்கு. மணி ப்ரோ, இப்ப ஆரம்பத்த மட்டும் போட்டுப் பாத்தேன், அந்த மூலை விஷயம் அப்படியே வருது. அன்னைக்கு வடாலால கூட்டம் ஏறுனப்ப மொபைல பாக்கெட்ல வச்சேன், இயர்ஃபோனும் கழண்டுச்சு, அந்தப் பேட்டி அங்கதான் விட்டுப்போயிருக்கு. மீதிய சனிக்கிழமை ராத்திரி தம்பி ஊர்லேந்து வந்ததும் பாக்கறேன், தனியா வேணாம்.