கோதுமை சேராத சீனக் கறிச் சோஸை எப்படித் தடிப்பாக்குவது?

கேள்வி (மட்டக்களப்பு):
சீலியாக் நோயுள்ள (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத) என் மகளுக்காக, இங்கிலாந்தின் சீன உணவுக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கறிச் சோஸை வீட்டில் செய்ய விரும்புகிறேன். கோதுமை மாவுக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்?

மறுமொழி (கல்முனை):
அக்கா, சோளமாவே (கோர்ன் ஃப்ளவர் எனப்படும் வெள்ளை மா) போதும். வெங்காயம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றை மெல்லிய தீயில் வதக்கி, கறித்தூள், மஞ்சள், ஓர் அன்னாசிப்பூ ஆகியவற்றைச் சேர்த்து, அரை லீற்றர் கோழிச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, பூவை எடுத்தபின் அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால், கலங்கலாக இருந்த சோஸ் பளபளத்துக் கரண்டியின் பின்புறத்தில் படியும். அரிசிமாவும் தடிக்கும், அந்தப் பளபளப்பு வராது.

மறுமொழி (அக்கரைப்பற்று):
மாவைவிட, சுவைக்குச் சேர்க்கும் சோயா சோஸில்தான் கவனம் தேவை. வழக்கமான சோயா சோஸ் கோதுமையும் சேர்த்தே நொதிக்கவைக்கப்படுகிறது. குளூட்டன் இல்லை என்று குறிப்பிட்ட தமாரி (ஜப்பானியச் சோயா சோஸ் வகை) கிடைக்காவிட்டால் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம், பிறகு அது நம்முடைய சொதியாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கறித்தூளை மில்லில் அரைத்து வாங்கினால் பிழையில்லையா?

மறுமொழி (அக்கரைப்பற்று):
அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைத்தால் தூளில் கலந்துவிடும். மகளுக்குரியதை வீட்டு கிரைண்டரிலேயே அரையுங்கள்.