ஞானப்புகழ்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

மார்த்தாண்டம் வாசகன்:
தக்கலை சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பா பாடின ஞானப்புகழ்ச்சியை முழுசா படிக்கணும். சித்தர் பாட்டு ஓரளவு பழக்கம், அரபு தெரியாது. பத்துப் பாட்டு தாண்டுனா சிக்குது. முதல்ல எதைப் படிக்கலாம்? ரஜப் மாசம் தர்காவில் விடிய விடியப் பாடும்போது வந்து கேட்டா பிடிபடுமா?

குழித்தறி:
தம்பி, அப்பாவோட இன்னொரு நூலான ஞானரத்தினக் குறவஞ்சியில் தொடங்குங்க. சிங்கனும் சிங்கியும் மாறி மாறிப் பேசும் வினா விடை அது. கேள்வி முன்னால் நிற்பதால் விடை எதைப் பற்றியது என்ற குழப்பம் வராது. ஆனால் குற்றாலக் குறவஞ்சி மாதிரி தலைவி, பந்தாட்டம், குறி கேட்பது என்று தேடாதீங்க, ஏமாந்துபோவீங்க. பாத்திரங்கள்தான் குறவஞ்சிக்கு உரியவை, பேச்செல்லாம் மெய்ஞ்ஞானம். சித்தர் பாட்டுப் பழக்கம் இங்கே நல்லா கைகொடுக்கும்.

பிறைநிலா:
அந்தப் பழக்கமே காலை வாரிவிடவும் செய்யும். சொல் பொதுவாக இருக்கும், பொருள் வேறு பக்கம் போகும். சரீஅத்து, தரீக்கத்து, ஹகீக்கத்து, மஃரிபத்து என்ற சூஃபி வழியின் நான்கு படிகளை முதலில் மனசில் வாங்கிக்கோங்க: சட்டம், வழி, உண்மை, அறிதல். சைவத்தின் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று அப்படியே பொருத்திப் படித்தால் நாலு பாட்டுக்குள் முட்டும்.

இன்னொன்று எழுத்து. அச்சில் ஃ விட்டுப்போனால் 'நஃபி'யும் 'நபி' ஆகிவிடும். நபி என்றால் இறைத்தூதர். நஃபி என்றால் மறுத்தல். இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவின் முற்பாதி 'லா இலாஹ' (இறைவன் இல்லை) அதுதான். அடுத்து வரும் 'இல்லல்லாஹ்' (அல்லாஹ்வைத் தவிர) இஸ்பாத்து, நிலைநாட்டல். பக்கத்தில் இஸ்பாத்து வந்தால் அங்கே நஃபி என்றே படிங்க. இந்த ஒரு எழுத்தில் பாட்டே தலைகீழாகும்.

குழித்தறி:
நஃபி விஷயம் முக்கியம், நான் விட்டுட்டேன். தினம் ஐந்து பாட்டு போதும், வாய்விட்டுப் படிங்க. சந்தி பிரிக்காமல் அச்சான அடிகூட எதுகை எங்கே விழுது என்று காதில் கேட்டால் தானே பிரியும்.

தக்கலைக்காரன்:
ரஜப் பிறை 14 இரவு பாடுவாங்க. பிறைக் கணக்கில் நாள் மாலையில் தொடங்கும், அதனால் நாள்காட்டித் தேதியை மட்டும் நம்பி மறுநாள் வந்து நிற்காதீங்க. வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், பிறை பார்த்த பிறகு தர்காவில் கேட்டுக்கோங்க. அங்கே யாரும் நிறுத்திப் பொருள் சொல்ல மாட்டாங்க, ராகம்தான் கிடைக்கும். கையில் புத்தகம் இருக்கட்டும், மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்க. பிறகு வீட்டில் படிக்கும்போது அந்தக் கோடுகள்தான் உதவும்.