கரைவலைக் கயிறும் பன்னிரண்டு பார் ப்ளூஸும்: பாம்பனில் ஒரு சாயங்காலம்

இசையை விட்டுவிட்டு மறுபடி அதற்குள் வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது போன மே மாதம் நடந்தது. மீன்பிடித் தடைக்காலம், பாம்பனில் தென்கடல் பக்கம், படகு வேலை பார்க்கிற ஒரு தகரக் கொட்டகை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிட்டார் வந்தது கோயில் பாடகர் குழுவில். பத்தாம் வகுப்பு படிக்கும்போது கீபோர்டு வாசிக்கிற அண்ணன் ஒரு பழைய கிவ்சன் கிட்டாரைக் கையில் கொடுத்து ஜி, சி, டி என்று மூன்று கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கிற பிடி) காட்டினார், அதை வைத்தே பாதித் திருப்பலியை ஓட்டிவிடலாம். அப்புறம் வேலைக்குச் சென்னை போனேன், அங்கேதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பிடித்தது. ராத்திரி முழுக்கக் கேட்டுக் கேட்டு வாசித்துப் பார்ப்பேன். ஒரு வகுப்பிலும் சேர்ந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாள், "நீங்க கேட்டு வளர்ந்ததுல இது கிடையாது, விரல் போகும், உயிர் வராது" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு உறைக்குள் போன கிட்டார் ஒன்பது வருடம் வெளியே வரவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்தக் கீபோர்டு அண்ணன்தான் கூப்பிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பையன்கள் கரையில்தான் இருப்பார்கள், சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்து வாசிக்கிறோம், ப்ளூஸ்தான், நீயும் வா என்றார். பாம்பனில் ப்ளூஸா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

கிட்டாரை எடுத்துப் பார்த்தால் கம்பிகள் எல்லாம் செம்பழுப்பாகிவிட்டிருந்தன. உப்புக்காற்று உறைக்குள்ளும் போகும். விரலை வைத்து இழுத்தால் துரு கோடு கோடாக நுனியில் ஒட்டியது. மாற்றுக் கம்பி கிடைக்கவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

கொட்டகையில் ஒரு படகு மேடையில் ஏறி நின்றது, படகுக்குப் பூசுகிற ரெசின் வாடை மூக்கைப் பிடித்தது. இரண்டு கிட்டார், கீபோர்டு, கல்யாண வீட்டுக்குத் தவில் வாசிக்கிற ஒரு தம்பி, பக்கத்து ஊரான மண்டபத்தில் கைட் சர்ஃபிங் (பட்டம் இழுக்க அலைமேல் சறுக்குவது) பழக வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், அவர் கையில் ஹார்மோனிகா, அதுதான் மவுத் ஆர்கன். ஈ சுருதியில் ஆரம்பிக்கலாம் என்றேன். அதற்கு ஏ ஹார்மோனிகா வேண்டும், அவரிடம் இருந்தது சி ஒன்றுதான். ப்ளூஸுக்கு ஹார்மோனிகாவை அதன் சொந்தச் சுருதியில் வாசிப்பதைவிட ஐந்தாம் சுரம் தள்ளி வாசிப்பதுதான் வழக்கம், உறிஞ்சும்போதுதான் அந்த முனகல் நன்றாக வரும், ஆகவே சி ஹார்மோனிகாவுக்கு ஜி. சரி, ஜி. ஜி செவன், சி செவன், டி செவன். கோயிலில் முதலில் பிடித்த அதே மூன்று கார்டு, செவன்த் என்கிற ஒரு சுரம் மட்டும் கூட. எனக்கு அப்போதே கை கொஞ்சம் லேசாகிவிட்டது.

தவில் தம்பிக்கு ப்ளூஸின் ஆடி ஆடிப் போகிற ஷஃபிள் தாளம் என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "தகிட தகிடதானண்ணே, நடுவுல 'கி'ய மட்டும் முழுங்கணும்" என்று தவிலின் தொப்பிப் பக்கத்தில் போட்டான். திஸ்ரம், மூன்று மூன்றாகப் போகிற நடை. நான் சென்னையில் மெட்ரோனோம் என்கிற தாளக் கருவி வைத்து மூன்று மாதம் தேடிய அந்த ஆட்டம் அவன் கையில் மூன்று நொடியில் வந்தது. கீபோர்டு அண்ணன் இன்னொன்று சொன்னார்: நீ கிட்டாரின் மூன்றாவது ஃப்ரெட்டில் (கட்டத்தில்) வாசிக்கிறாயே, ச க ம ப நி, அது சுத்த தன்யாசி ராகம். மைனர் பென்டடானிக் என்கிற ஐந்து சுர வரிசை என்று எத்தனையோ தடவை எழுதிப் படித்திருக்கிறேன், இது தெரியாமலே இருந்திருக்கிறேன். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும், அதாவது 'க'வின் கீழ், மேல் இரண்டு இடங்களுக்கும் நடுவில் கம்பியை வளைத்து நிறுத்துகிற இடத்தில்தான் ப்ளூஸின் வலி இருக்கிறது. அந்த இழுப்பை நாயனத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம்.

பார் என்றால் தாளத்தின் ஒரு கட்டம். பன்னிரண்டு பார், பாருக்கு நாலு தட்டு, 48 தட்டுக்கு ஒரு சுற்று. முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் பதில். ஒவ்வொரு வரிக்கும் பிறகு இடம் விட்டிருக்கும், அதில் ஹார்மோனிகாவோ கிட்டாரோ பேச வேண்டும். மூன்றாவது சுற்றில் அந்த இடைவெளியில் வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஏலேலோ என்று. காவலுக்கு இருக்கிற தாத்தா, எழுபதுக்கு மேல் இருக்கும், கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டோம். அம்பா பாடினார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு. எங்கள் பன்னிரண்டு பாருக்குள் அவர் அடங்கவே இல்லை. நாங்கள் சி-க்குப் போனால் அவர் பழைய வரியிலேயே நிற்கிறார், திரும்பி வந்தால் அவர் அடுத்ததற்குப் போய்விடுகிறார். நிறுத்திவிட்டோம். "ஏம்பா நிப்பாட்டி நிப்பாட்டி இழுக்குறீங்க?" என்றார். எண்ணிக்கை தாத்தா என்றேன். "அல இழுக்கும்போது குதிகால ஊனி நிக்கணும், அப்ப பாட்ட நீட்டணும். அல விட்டதும் இழுக்கணும். இதுல எங்க எண்ணுறது?" எழுந்து நின்றே காட்டினார். இல்லாத கயிற்றைப் பிடித்தபடி, குதிகால் சிமெண்டுத் தரையில் அழுந்த, பின்னால் ஓர் அடி.

அப்போது என் தாத்தாவின் குதிகால் ஞாபகம் வந்தது. தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுத்தவர். ஒரு கயிற்று முனை கரையில் இருக்கும், வள்ளம் வலையைப் போட்டுக்கொண்டே சுற்றி வந்து மறு முனையைக் கரை சேர்க்கும், இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்புப் பட்டையைக் கயிற்றில் மாட்டிப் பின்னோக்கி நடப்பார்கள். ஐந்து வயதில் நான் அந்தக் கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டு ஐலசா சொல்லியிருக்கிறேன். எடுப்பும் பதிலும் நான் கேட்டு வளர்ந்ததில் இல்லையாம்!

சி, டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜி ஒன்றிலேயே நின்றோம், அவர் மூச்சு முடிகிற இடம்தான் எங்களுக்குப் பார். மிசிசிப்பி டெல்டாவின் பழைய ப்ளூஸ் ஆட்களும் தனியாக வாசிக்கும்போது வார்த்தைக்குத் தகுந்தபடி பாரை நீட்டிக் குறைத்தவர்கள்தான், ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் ஒரே கார்டில் நின்றே வாசித்திருக்கிறார். 1947-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பார்ச்மன் சிறைப் பண்ணையில் பதிந்த வேலைப்பாட்டுகளைக் கேளுங்கள், ஒருவர் எடுக்கிறார், கோடரி விழுகிறது, மற்றவர்கள் வாங்குகிறார்கள். அதற்கும் நம் அம்பாவுக்கும் உறவு என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கைதிகளாக வேலை செய்தவர்கள், அந்தத் துயரம் அவர்களுடையது. பாரத்தைப் பல பேர் சேர்ந்து இழுக்கிற உடம்பு மட்டும் எனக்குத் தெரிந்த உடம்பாக இருந்தது.

பாதியில் என் முதல் கம்பி அறுந்து மணிக்கட்டில் கீறியது. ஐந்து கம்பியில் வாசித்தேன். ஒன்பது மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

*

முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பதில். முதல் வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவதில் பதில் என்று படித்ததும் எங்கள் அப்பத்தாதான் வந்து நின்றது. ஒப்பாரியில் அது ஒரே வரியைத்தான் திரும்ப இழுக்கும், இரண்டாவது தடவை குரல் வேறு இடத்தில் உடையும், அதற்குப் பிறகுதான் செத்தவரிடம் கேள்வி கேட்கும். நான் ஊரில் கீபோர்டு வாசிக்கிறேன், ஒரு நாளும் அதை இசை என்று நினைத்துக் கேட்டதில்லை. அப்பத்தா இப்போது இல்லை. சின்ன அத்தைக்குப் பாதி தெரியும் என்கிறார்கள், இந்த வாரம் போகிறேன்.

*

போங்கள், தள்ளிப்போடாதீர்கள், போனில் பதிந்துவிடுங்கள். நாங்கள் தாத்தாவிடம் இதுவரை பதினொரு அம்பா பதிந்திருக்கிறோம். சனிக்கிழமை அத்தையையும் கூட்டி வர முடிந்தால் சந்தோஷம், மதியமே வந்துவிடுங்கள். யாரிடமாவது ஏ ஹார்மோனிகா இருந்தால் எடுத்து வாருங்கள், ஈ-யிலும் வாசித்துப் பார்க்கலாம்.