லெக்சிங்டன் ஊர்ப்படையில் இருந்தவர்கள் யார்?

கேள்வி: 1775 ஏப்ரல் 19, அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய நாள்; அன்று விடியற்காலை மாசசூசெட்ஸின் லெக்சிங்டன் ஊரில் பிரிட்டிஷ் படைக்கு முன்னால் நின்றவர்கள் முழுநேரச் சிப்பாய்களா, சாதாரண ஊர்க்காரர்களா?

பதில் 1: ஊர்க்காரர்கள்தான், பெரும்பாலும் விவசாயிகள். அவர்களின் தலைவர் கேப்டன் ஜான் பார்க்கரும் விவசாயிதான், காசநோயோடு போராடிக்கொண்டிருந்தவர், அதே செப்டம்பரில் இறந்தும் போனார். பிரிட்டிஷ் படை வருகிறது என்று பால் ரெவியர் என்ற தூதர் குதிரையில் செய்தி கொண்டுவந்ததும் நள்ளிரவுக்குப் பிறகு திடலில் கூடினார்கள், யாரும் வரவில்லை என்று கலைந்தார்கள், சிலர் பக்கத்திலிருந்த பக்மன் விடுதியிலேயே காத்திருந்தார்கள், அப்புறம் வில்லியம் டைமண்ட் என்ற பையன் முரசடித்ததும் மறுபடி ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். சுமார் 77 பேர். எதிரில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள்!

பதில் 2: பிரின்ஸ் எஸ்டாப்ரூக்கை விட்டுவிடாதீர்கள். அடிமையாக இருந்த கறுப்பினத்தவர், அன்று அந்த வரிசையில் நின்று காயமடைந்தார். அவர் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கேட்டவர்: சரி, அத்தோடு படை சிதறிவிட்டதா?

பதில் 1: இல்லை. காலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 8 பேரைப் பறிகொடுத்த பிறகும் பார்க்கர் ஆட்களைத் திரட்டி, பக்கத்து ஊரான கான்கார்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையை அன்று பிற்பகலே மறைந்திருந்து தாக்கினார்.